பேரு ஓடும்போதே எழுந்து வந்தவள்

பிள்ளைகளே, உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடியது. ஒரு மத்தியானம் அருப்புக்கோட்டை போகும் வழியில், பாலவனத்தத்தில், பஸ்ஸின் பின்னால் இருந்த கரியடுப்பைக் கிளற நிறுத்திவிட்டார்கள். எனக்கு முன்னால் பஞ்சாலை வேலை முடிந்துவந்த இரண்டு பெண்கள், தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, அலுத்துப்போய்ச் சாய்ந்திருந்தார்கள். மூத்தவள் சொன்னாள்:

“நேத்து சினிமாக் கொட்டகையில, படம் ஆரம்பிச்சுப் பேரு ஓடும்போதே எந்திரிச்சு வந்துட்டேன்டி.”

இளையவள் சிரித்துவிட்டாள். “துட்டுக் குடுத்துப் பேரை மட்டும் பாத்த ஆளு நீங்கதான் மதினி. அதுவும் எழுத்துத் தெரியாம!”

“எழுத்து எதுக்கு? பேருக்குப் பின்னால ஒத்தை வெளக்கு காத்துல அலையுது, பிடிலு அழுவுது. போன படத்துல பேரு போடயில தாமரை விரிஞ்சு மேளம் கொட்டுச்சு. கடேசி வரைக்கும் சிரிச்சேன். இது அழுவாச்சிப் படம்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. பட்டாளத்துக்குப் போன எம் மகன்கிட்ட இருந்து ஆறு மாசமாக் கடுதாசி இல்ல. அங்கயும் போயி அழுவணுமா?”

இளையவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். பிறகு சொன்னாள்: “நான் முழுசாப் பாத்தேன் மதினி. அந்த வெளக்கு அணையவே இல்ல. காணாமப் போன மகன் கடைசியில வீடு வந்து சேந்துட்டான்.”

பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. அருப்புக்கோட்டை வீடுகள் கண்ணில் பட்டதும் மூத்தவள் இளையவள் பக்கம் திரும்பினாள். மெதுவாகக் கேட்டாள்:

“இன்னைக்கும் அதே படந்தானே? நீயும் வாடி. வெளக்கு வந்ததும் நான் கண்ணை மூடிக்கிறேன். அவன் வாசல்ல வந்து நின்னதும் என் கையைத் தொடு.”