ராஜாளிக் குழி

மைலாப்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழிப்பதென்று தெரியாது. கச்சேரி ரோட்டில் அன்று ஒரு குமாஸ்தாவும் தலைகாட்ட மாட்டார். ராமானுஜுலு நாயுடு தம்முடைய பைனாக்குலரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்திராவிட்டால், இன்றைக்கும் நான் ஞாயிறுதோறும் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

நாயுடு காட்டிலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அடையாற்றின் வடகரையில் அவருக்கு ஒரு தோட்ட பங்களா. அங்கே கழுகு, வைரி, ராஜாளி போன்ற வேட்டைப் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிடுவார். அவை எங்கே போகின்றன, அடுத்த வருஷம் திரும்பி வருகின்றனவா என்று தெரிந்துகொள்ளத்தான். ‘சம்பளம் கிடையாது, வெயில் மட்டும் தாராளமாகக் கிடைக்கும்’ என்று சொல்லி என்னைக் கூப்பிட்டார். போனேன்.

நான் பயந்த சுபாவம் உள்ளவன், ஐயா. வீட்டில் தேள் வந்தால் என் மனைவி ஜஹீதாதான் செருப்பை எடுப்பாள். அப்படிப்பட்டவன் ராஜாளியைக் கையில் பிடிக்கிறான் என்று தெரிந்ததும் தெருவில் மரியாதை வந்தது. ‘ராஜாளி பாய்’ என்று கூப்பிட்டார்கள். மாமனார்கூட எழுந்து நின்று ஸலாம் சொன்னார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அதில் தவறு ஒன்றுமில்லை என்றே இன்னும் நினைக்கிறேன்.

வேலை இதுதான். ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்மேடு முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும். அதில் ஆள் உட்காரும் ஆழத்துக்கு ஒரு குழி. மேலே மூங்கில் தட்டி, அதன்மேல் ஓலை, மணல். வெளியே ஒரு மாடப்புறாவைக் கட்டிவைப்போம். ராஜாளி அதன்மேல் பாயும்போது குழிக்குள் இருப்பவன் கயிற்றை இழுப்பான், வலை மூடிக்கொள்ளும். இன்னொருவன் கரையில் சவுக்குத் தோப்பில் நின்று வானத்தையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்வான். ஆபத்து என்றால் ஊதலை ஊதுவான். குழிக்குள் இருப்பவனுக்குப் புறாவைக் காட்டும் ஒரு சிறு துளையைத் தவிர வெளியே எதுவும் தெரியாது. ஊதலைத்தான் நம்பியிருப்பான்.

என்னோடு அந்த வேலைக்கு வந்தவன் மிக்கேல். சாந்தோம் குப்பத்து மீனவன். அவனும் கூலி வாங்கவில்லை. பறவைகளைப் பார்க்கப் பிடிக்கும் என்பான்.

முப்பத்து மூன்றாம் வருஷம் குளிர்காலத்தில் ஒரு நாள் நான் குழியில் இருந்தேன். வலையில் விழுந்த ராஜாளியின் காலில் எங்கள் வளையம் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் நாங்களே மாட்டியது. அப்படி ஒன்று திரும்பி வராதா என்றுதான் நாயுடு தவம் கிடந்தார். நான் அதை வெளியே எடுத்தேன். அது திரும்பி என் உள்ளங்கையைப் பற்றியது. நகம் கைக்குள் இறங்கியது. அதன் கண் என் முகத்துக்கு நேரே இருந்தது. பிறகு என்ன நடந்ததென்று சரியாக நினைவில்லை. நினைவு வந்தபோது முழங்காலை அதன்மேல் ஊன்றி உட்கார்ந்திருந்தேன். அது செத்துப்போயிருந்தது.

மிக்கேல் தோப்பிலிருந்து ஓடி வந்தான். செத்த பறவையின் நகங்களை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து விடுவித்தான். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவனே மணலைத் தோண்டிப் புதைத்தான்.

“இன்னா பாய், இதுக்குப் போயி இப்டி நடுங்கினு கீறியே. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். மாதா மேல ஆணை.”

கண்ணாடிச் சில்லு கிழித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதுதான் தொல்லையாகிவிட்டது. சொல்லிவிட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். ஒவ்வொரு வாரமும் பூசை முடிந்து வருவான், நாயுடுவின் எதிரிலேயே கேட்பான்: “கையி இப்ப எப்டி கீது பாய்?” கேட்டுவிட்டுச் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் என்ன இருக்கிறது என்று யோசித்து எனக்குத் தூக்கம் போயிற்று. கடையில் லென்ஸ் தேய்க்கும்போது கை நடுங்கியது. தெருவில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்துவிடும். ஒரு மனிதன் எத்தனை காலம் அப்படி வாழ முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

மறு வருஷம் ஐப்பசியில், அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் சுத்தமாக இருந்தது. இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. மிக்கேல் வலையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். நாயுடு என்னை மட்டும் வாசலில் நிறுத்தினார்.

“ஷரீஃப், மேற்கே நல்ல மழையாம். ஏரி கலங்கல் வழியுதுன்னு ஆள் வந்து சொன்னான். மணல்மேடு எப்ப வேணா ஒடைச்சிக்கும். இன்னிக்கு வேணாம், மிக்கேலக் கூட்டினு வந்துடு நைனா.”

சரி என்றேன்.

நான் போனபோது மிக்கேல் புறாவைக் கட்டிவிட்டு நின்றிருந்தான். என் கையைப் பார்த்தான். “உனுக்கு நோவும். நானே உள்ள குந்திக்கிறேன்” என்றான். இறங்கி உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். நான் தட்டியை வைத்து மூடினேன்.

ஊதலை ஊதினேன், காற்றில் கேட்கவில்லை என்று நேற்று உங்கள் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தேன். அது உண்மையில்லை. ஊதல் என் பையிலேயே இருந்தது.

தோப்பில் நின்றிருந்தபோது அவன் மனைவி தேசம்மா கஞ்சிப் பானையோடு வந்தாள்.

“எங்கூட்டுக்காரரு எங்க பாய்?”

மேட்டின்மேல் நடந்து அக்கரைக்கு, ஊரூர் பக்கம், வலைக்கயிறு வாங்கப் போயிருக்கிறான் என்றேன். அவள் பானையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிப் பேசினாள். நான் பதில் சொன்னேன். ஆறு எங்கள் கண்ணெதிரே பழுப்பாகிக்கொண்டே வந்தது. முதலில் மேட்டின் ஓரம் ஈரமானது. கட்டிவைத்த புறா சிறகடிக்கத் தொடங்கியது. அதற்குக் கீழே தட்டியின்மேல் மணல் குதித்ததை நான் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒருவன் இரண்டு கைகளாலும் குத்தினால் மணல் அப்படித்தான் குதிக்கும். குரலும் வந்தது. கடலோசையில் அதைத் தனியாகப் பிரித்துக் கேட்க அங்கே ஆள் இருக்கிறான் என்று தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது.

“இன்னா பாய், ஒடம்பு சரியில்லியா? மூஞ்சி வெளுத்துக் கீது” என்றாள் தேசம்மா. வெயில் என்றேன். முந்தானையை நனைத்து என்னிடம் நீட்டினாள். நெற்றியில் ஒற்றிக்கொண்டேன்.

பிறகு மேடு உடைந்தது. ஓசையில்லாமல், வெல்லக்கட்டி கரைவதுபோல நடுவில் குழிந்து, ஆறு முழுவதும் அதன் வழியாகக் கடலுக்குப் பாய்ந்தது. தேசம்மா எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

“நல்ல வேள மாதாவே, அவரு அந்தாண்ட கரையில கீறாரு.”

ஆமாம் என்றேன்.

கரை ஒதுங்கிய தட்டியின் நான்கு மூலையிலும் கயிற்று முடிச்சும் முளையும் அப்படியே இருந்ததேன் என்று கேட்டீர்கள். காற்றில் பறக்காதிருக்க ஒரு பக்கம் மட்டும்தான் முளை அடிப்போம். மறுபக்கம் திறந்திருக்கும், உள்ளே இருப்பவன் தள்ளிக்கொண்டு எழுந்துவர வேண்டுமே. அன்றைக்கு நான்கையும் நான்தான் அடித்தேன். ஈரமணலையும் அள்ளிக் கொட்டினேன். மூன்றாவது முளையை அடிக்கும்போது உள்ளேயிருந்து, “இன்னா பாய், காத்து ஜாஸ்தியா?” என்று கேட்டான். ஆமாம் மிக்கேல் என்றேன். நான்காவதையும் அடித்தேன். அந்த நேரத்தில் என் கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

அடக்கத்துக்குப் போனேன். போகாமலிருந்தால் பேச்சு வரும். கல்லறை வாசலில் நாயுடு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“போன குளிர்ல அந்த வளையம் போட்ட ராஜாளி செத்துப்போச்சு, தெரியுமா ஷரீஃப்? நம்மகிட்ட திரும்பி வந்தது அது ஒண்ணுதான். கை தவறி நானே கொன்னுட்டேன்னு மிக்கேல் அன்னிக்கு சாயங்காலமே வந்து கால்ல விழுந்தான். உனக்குத் தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிடுவே, சொல்லாதீங்கன்னு கெஞ்சினான். நான் அவனை ரொம்பத் திட்டிட்டேன்டா.”

அன்று முழுவதும் அதைப் பற்றி யோசித்தேன். செய்யாததைச் செய்ததாக, ஒரு பெரியவரின் காலைப் பிடித்துக்கொண்டு, முகம் மாறாமல் சொல்லியிருக்கிறான். அதன் பிறகும் வாராவாரம் என் எதிரில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அத்தனை சுலபமாகப் பொய் சொல்லத் தெரிந்த மனிதனை எப்படி ஐயா நம்புவது? நான் பயந்ததில் நியாயம் இருந்தது.