மன்னிப்புப் பாய்

– சினிவா, எந்திரிடி. நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான முத்தத்துல யாரோ தலையில பாயப் போத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க.

– பாத்தேன் அண்ணி. கோழி கூவறதுக்கு முன்னாடியே வந்தாச்சு.

– பாத்துட்டா படுத்திருக்கே? சமோவாவுல பொறந்தவதானே நீ? பாயப் போத்தி உக்காந்தா தப்ப ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியாதா? வேற யாரு, பக்கத்து வீட்டு லனுவோலாதான். என் அடுப்புக் கொட்டகையக் கொளுத்திட்டு ஒரு வாரமா ஒண்ணும் தெரியாதவ மாதிரி நடந்தா.

– பாய்க்குள்ள யாருன்னு பாக்காம பேசாதீங்க அண்ணி.

– பாக்க என்ன இருக்கு? ரெண்டு பேரும் ஒரே நாள்ல கடன் வாங்கித்தான் அடுப்புப் போட்டோம். என் தேங்காப்பால் பன்னு சர்ச்சு வாசல்லயே தீந்துரும். அவளோடது கல்லு மாதிரி கூடையிலயே கிடக்கும். வயித்தெரிச்சல்.

– அதுக்காக நேத்துக் கடன் குழுக் கூட்டத்துல, கடன் குடுக்கற அக்கா ஆப்பியாவுலேருந்து வந்து உக்காந்திருக்கும்போது...

– சொன்னேன். கொள்ளி வச்சவளுக்கு நான் ஜாமீன் நிக்கமாட்டேன்னு சொன்னேன். மத்தவங்களும் கைய எடுத்துட்டாங்க. குழுவுலேருந்து பேரை அடிச்சாச்சு. இனி அவளுக்கு ரெண்டாங்கடன் ஏது?

– அழுதுகிட்டே போனா. புருஷனும் இல்ல, மூணு புள்ளைங்க.

– அழட்டும். வெயில் ஏறி மண்டை காயட்டும். அப்புறம் போய்ப் பாயத் தூக்கி மன்னிக்கறேன்.

– அண்ணி, அந்தப் பாயக் கொஞ்சம் பாருங்க.

– நல்ல பாய்தான். ஓரமெல்லாம் செவப்பு எறகு. மூலையில மட்டும் ஒரு கொத்து இல்ல... சினிவா, அது நான் பின்னுன பாய்டி. மூணு வருஷம் பின்னுனேன். எங்க மெத்தைக்கடியில வச்சிருந்தேன். திருடவும் செஞ்சாளா?

– மெத்தைக்கடியில இருக்கறத மெத்தையில படுக்கறவங்களத் தவிர யாரு எடுப்பாங்க?

– உங்கண்ணன் மீன் பிடிக்கப் போயிருக்காருல்ல?

– வலை அதோ தொங்குது.

– ...அந்த ஆளு நம்ம பக்கம் பாக்கல. உள்ளங்கால்தான் தெரியுது.

– ஆமா. மொகம் லனுவோலா வீட்டைப் பாத்து இருக்கு.

– இடது கால்ல சுண்டுவெரல் இல்ல. ஐயோ. ஐயோ சினிவா.

– அன்னிக்கு ராத்திரி, நீங்க விடியக்காலைல பன்னு சுடணுமே, ஈர வெறகு காயட்டும்னு கொட்டகையில கங்கு போட்டு வச்சாராம். அப்படியே தூங்கிட்டாரு. நேத்து ராத்திரி எங்கிட்ட சொல்லி அழுதாரு.

– ஏன்டி எங்கிட்ட சொல்லல?

– சொன்னா நீங்க அவரோட சண்டை போடுவீங்க, நம்ம வீட்டுக்குள்ளயே முடிஞ்சிரும். லனுவோலா மேல விழுந்த பழி அப்படியே கிடக்கும். அதான் பாய எடுத்துக்கிட்டுப் போண்ணான்னேன்.

– அவ வெளிய வந்துட்டாளா?

– வந்து நிக்கறா.

– பாயத் தூக்கறாளா?

– இல்ல. அண்ணனை அவ பாக்கவேயில்ல அண்ணி. நம்ம வீட்டையே பாத்துக்கிட்டு நிக்கறா.

– ...மெத்தைக்கடியில இன்னொரு பாய் இருக்கு. எடுத்துட்டு வந்து என் தலையில போத்திவிடு.