தொண்டையில் ஒன்றும் இல்லை

விளக்கு வைக்கிற நேரம். தென்னேரி ஏரிக்கரைச் சாலை... ஒரு மொபெட் மட்டும் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் ராம்ப்ரஸாத்தின் அத்தைக்கு நடந்தது.

அத்தை பெயர் ஸ்ரீவல்லி. மாட்டு டாக்டர். தொண்ணூற்றேழாம் வருஷத்துக் கோடை. அன்று காலை ஒரு கன்று திமிறியதில் ஊசி அவள் கட்டைவிரலைக் கிழித்திருந்தது. அந்த வேலையில் அது தினப்படி. துணியைச் சுற்றிக்கொண்டு மறந்துவிட்டாள்.

மொபெட்டில் அவள் போனது செல்லியம்மாளின் பசுவைப் பார்க்க. வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதே அதன் பாலில்தான். முந்தின நாளிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை. வாயில் நுரை. அடித்தொண்டையில் கரகரவென்று ஒரு குரல்...

“மாங்கொட்ட மாட்டிக்கினு கீதுமா. சின்னக் கையிதானே, சுளுவா பூந்துடும். எடுத்துவுடுங்கம்மா” என்றாள் செல்லியம்மாள்.

கையுறை போட்டால் விரல் நுனிக்கு ஒன்றும் தெரியாது. வெறுங்கையைத்தான் விடுவார்கள். ஸ்ரீவல்லி வளையலைக் கழற்றினாள். விரல் துணியையும் அவிழ்த்தாள். பெருமாளே என்று கையை நீட்டினாள்.

மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். ஐஸ் மாதிரிக் குளிர்ச்சி. டெட்டால் வாடை.

“உள்ளே விடாதேம்மா. தொண்டையிலே ஒண்ணும் இல்லே.”

பக்கத்தில் ஒருவர். வலது சட்டைக்கை தோள் வரை சுருட்டியிருந்தது. அந்தக் கை முழுக்க மாட்டு எச்சில்... சொட்... சொட்... ஊர்க்காரர் என்று நினைத்தாள். பாவம், கழுவிக்கொள்ளட்டும் என்று வாளியிலிருந்து ஒரு மக் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

தண்ணீரைப் பார்த்ததும் அவர் கழுத்து வெட்டி இழுத்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டார். கண்ணில் அத்தனை ஏக்கம்... அத்தனை பயம்.

அப்புறம் சுவர் மட்டும்தான் இருந்தது.

“யாருக்குமா தண்ணி நீட்டுறீங்க?” என்றாள் செல்லியம்மாள்.

தண்ணீரைக் கண்டு நடுங்குகிற நோய் எது என்று ஸ்ரீவல்லிக்குத் தெரியாதா? நாய் ஏதாவது கடித்ததா என்று மட்டும் கேட்டாள். பங்குனியில் ஒரு வெறிநாய் தெருவில் ஓடியதாம். காலையில் செல்லியம்மாளே பசுவின் வாயில் கையை விட்டுத் துழாவியிருந்தாள். அவளைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, மொபெட்டில் ஏற்றி, நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போடவைத்தாள். அவள் பிழைத்தாள். பசு மறுநாள் செத்தது.

கால்நடை மருந்தகத்து ராமராஜன்தான் பிறகு சொன்னார். முன்பிருந்த டாக்டர் பூவராகவன் ஒரு கோடையில் இதே ஊரில், இதே மாதிரி ஒரு மாட்டின் தொண்டைக்குள் கை விட்டவர். ஆடி பிறப்பதற்குள் போய்விட்டார். கடைசியில் தண்ணீர், தண்ணீர் என்று அழுதாராம். வாயருகே கொண்டுபோனால் தொண்டை இழுத்துக்கொள்ளுமாம். தாகத்தோடு போன உயிர். அது இன்னொருத்தியின் கையைத் தடுக்க வந்திருக்கிறது.

ஸ்ரீவல்லிக்கு மனசு ஆறவில்லை. கோயில் தீர்த்தம் கொஞ்சம் கலந்து, ஒரு பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீரை அந்தத் தொழுவத்தில் கொண்டுபோய் வைத்தாள். தண்ணீர் கண்ணில் பட்டால் பயப்படுவாரே என்று மேலே ஒரு துணியும் மூடினாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். துணி பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. தண்ணீர் துளிகூடக் குறையவில்லை. செம்பின் விளிம்பில்... பித்தளை நசுங்கும் அளவுக்குப் பல் பதிந்திருந்தது.