முனகல் இல்லாத நான்கு நிமிடம்

"கென் மாமா, யாருமே வாசிக்கல, அப்புறம் ஏன் இந்தப் பெட்டி முனகுது?" என்று நெவிலின் மகள் ஆலிசன் ஒருநாள் கேட்டாள். ஆறு வயது.

"அதுக்கும் ஏதோ வருத்தம் போல, செல்லம்" என்றேன்.

அந்தப் பெட்டி அவள் அப்பாவின் கிடார் ஆம்ப்ளிஃபையர். அதைச் சுமந்து, மாட்டி, பழுது பார்ப்பது என் வேலை.

நெவிலும் நானும் இங்கிலாந்தின் பர்ன்லியில் ஒரே தெரு. பதினாறு வயதில், அமெரிக்காவிலிருந்து தபாலில் ப்ளூஸ் என்ற கறுப்பினத்தவரின் சோக இசைத்தட்டு வரவழைப்போம். ஒரு வாரம் அவன் வீடு, ஒரு வாரம் என் வீடு. என் அம்மா இறந்தது அவனுடைய வாரத்தில். மழையில் நனைந்தபடி தட்டைக் கொண்டுவந்து, "உன்கிட்டயே இருக்கட்டும்டா" என்றான். அப்புறம் திருப்பிக் கேட்கவேயில்லை.

1972-ல் அவன் புரோகிரெசிவ் ராக் பக்கம் போய்விட்டான். ஆர்கன், புல்லாங்குழல், ஒரு ராஜாவின் கனவைப் பற்றி இருபத்திரண்டு நிமிடப் பாட்டு.

"ப்ளூஸோட மூணே மூணு கிடார் கார்டுக்குள்ளேயே இன்னும் எத்தனை வருஷம்டா குடியிருப்ப?" என்று கேலி செய்வான்.

"நீ கட்டுற அரண்மனையில உட்கார ஒரு நாற்காலி இல்லியேடா."

"பெட்டி தூக்குறவன் வாயைப் பாரு!"

எனக்குக் கோபமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அந்தப் பாட்டின் நடுவில் எல்லாம் அடங்கிவிடும். நான்கு நிமிடம் அவன் மட்டும் ஒற்றைத் தந்தியில் வாசிப்பான். முதல்முறை கேட்டபோது பெட்டிகளுக்குப் பின்னால் போய் அழுதேன். அது ப்ளூஸ் இல்லை. ப்ளூஸ் மட்டுமே பொய் சொல்லாது என்று பதினைந்து வருடம் நம்பியிருந்தேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்படியானால் நான் இத்தனை நாள் யாராக இருந்தேன்? அந்த நான்கு நிமிடம் நெருங்கினாலே பெட்டிகளுக்குப் பின்னால் போய்விடுவேன்.

முனகல் அதைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பிளக்கைத் திறந்து, மின்கசிவைத் தரைக்கு இறக்கும் எர்த் கம்பியைக் கழற்றினால் முனகல் நின்றுவிடும். எல்லா இசைக்குழுக்களிலும் எங்களைப் போன்றவர்கள் செய்வதுதான். அவனுடைய கடைசிக் கச்சேரி அன்று மாலை நானும் கழற்றினேன். பிறகு பெட்டியின் இரும்பில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது; இரும்பிலேயே மின்சாரம். தந்தியில் கையும் மைக்கில் உதடும் ஒன்றாகப் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டெஸ்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நான்கு நிமிடத்தையும் அவன் முழுதாக வாசித்தான். அவ்வளவு சுத்தமான அமைதியை நான் கேட்டதேயில்லை. பிறகு பாடுவதற்காக மைக்கிடம் போனான்.

விபத்தில் மரணம் என்று எழுதிக்கொண்டார்கள்.

போன ஞாயிறு அவன் மனைவி மொரீன், மகளோடு தேவாலயத்துக்குப் போயிருந்தாள். சாவி என்னிடம் உண்டு. உள்ளே போய் கெட்டில், விளக்கு, ஆலிசனின் சின்ன ரேடியோ என்று அந்த வீட்டின் ஒவ்வொரு பிளக்கையும் திறந்து கம்பிகள் தளராதபடி முறுக்கி இறுக்கினேன். யாரும் பார்க்கவில்லை. அந்த மழைநாள் உதவிக்கு ஈடாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இசைக்காகத்தான் செய்தேன், ஐயா. ஒருமுறையாவது அவன் வாசிப்பை முனகல் இல்லாமல் கேட்க வேண்டும் என்றுதான்.

மற்றவர்களின் பெட்டி முனகவில்லையா என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அன்று எங்களுக்கு முன்னால் அதே மேடையில் வாசித்த ப்ளூஸ்காரனின் பெட்டி இன்னும் மோசமாக முனகியது. அதை நான் தொடவில்லை.