நான் பூசிய கை

இந்தக் காலத்தில் எவனும் முகத்தைப் பார்த்து எதையும் நம்புவதில்லை. கை வலிக்கிறது என்றால் சீட்டு எங்கே, எக்ஸ்ரே எங்கே என்கிறான்.

என் வீட்டுக்காரிக்குத் தடுப்பூசி போட்டார்கள். அன்று முழுக்கக் கை கனக்கிறது என்று முனகினாள். நான் வக்கீலைப் பார்த்து நஷ்டஈடு கேட்கச் சொல்லிவிட்டு வந்தால், இவள் கொடியில் போர்வையை உதறிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நாலு பேர் பார்த்தால் வழக்கு என்னாவது?

பாதிப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நான் கொத்தனார். கூரைக்குப் பூசுகிற வெள்ளைச் சாந்து மூட்டையில் மிச்சம் இருந்தது. அவளை முக்காலியில் உட்காரவைத்து, முழங்கையை மடக்கித் துணி சுற்றி, சுவருக்கு எதிரே நிற்பதுபோல எதிரே நின்று கரணையால் இழுத்து மாவுக்கட்டாகப் பூசினேன்.

"ஊசி போட்டது இந்தக் கையில இல்லீங்க," என்றாள்.

"வேலை நடக்கும்போது பேசாத."

அவள் சொன்னது சரிதான். எதிரே நின்றால் இடம் வலம் மாறும் என்று எந்தச் சுவரும் எனக்குச் சொன்னதில்லை. ரத்தம் இரண்டு கைக்கும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன்.

அரிக்கிறது என்று அழுதாள். சொறிந்துகொள்ள விளக்குமாற்றுக் குச்சி கொடுத்தேன். விரல் வீங்கியது. வழக்குக்கு நல்லது என்றேன். வாய்தா தள்ளிக்கொண்டே போனது. மழை போய் வெயில் வந்தது. கட்டை நான் கழற்றவில்லை.

விசாரணைக்கு வந்த டாக்டர் கட்டைத் தட்டிப் பார்த்து, "எந்தக் கத்துக்குட்டி போட்டது இது?" என்று சிரித்தார். அதுதான் பொறுக்கவில்லை. நான் பூசியது, ஒரு வெடிப்பு காட்டுங்கள் பார்க்கலாம் என்றேன். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

கட்டை அறுத்தார்கள். முழங்கை மடங்கியபடியே நின்றது. இனி நீளாது என்றார் டாக்டர். வீட்டுக்காரி அழவில்லை. என்னைப் பார்த்து, "இனிமே எனக்குத் தலை பின்னிவிடுறது உங்க வேலை. வகிடு நேரா எடுப்பீங்கல்ல, கொத்தனாரே?" என்றாள்.

ஆமாம் இன்ஸ்பெக்டர் ஐயா, கட்டியது நான், கெஞ்சியும் கழற்றாதது நான். எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டும் வைத்துவிட்டேன். ஆனால் கை போனதற்குக் காரணம் நான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் ஊசி போடாமல் இருந்திருந்தால், நான் ஏன் சாந்து குழைக்கப்போகிறேன்?

நான் கிளம்புகிறேன். நஷ்டஈட்டு ஆபீஸைப் பூட்டுவதற்குள் போக வேண்டும். இப்போதுதான் நிஜமாகவே அவளுக்குக் கை நீட்ட வரவில்லையே.