ஆவுடையப்பன் கொண்டுபோன பூட்டு

...எனக்கு முன்னால பேசினவங்க பேசி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பேரன் பிறந்து, அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். போட்ட மாலை வேற கழுத்தை அறுக்குது. நாளைக்குக் காசி யாத்திரை கிளம்பப் போற நீங்க, வாசல்லயே என்னைப் பிடிச்சுக்கிட்டீங்க. "ஐயா, லாட்ஜ்ல நகையை எங்க வைக்கிறது? பணத்தை எங்க ஒளிக்கிறது?" பதில் சொல்லத் தெம்பு இல்ல, பெருமக்களே. ஒரு குட்டிக் கதை ரொம்ப நாளா என் தலையில உட்கார்ந்திருக்கு. அதை இங்க இறக்கி வச்சிடுறேன்... பாரம் குறையட்டும்.

தென்காசிப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஆவுடையப்பன். இந்த ஆவுடையப்பனுக்கு ஒரு காலத்துல லாட்ஜ்ல தங்கினப்போ, குளிச்சிட்டு வர்றதுக்குள்ள தலையணைக்கு அடியில இருந்த மோதிரம் போச்சு. அவர் அப்பா போட்ட மோதிரம். அன்னையில இருந்து மனுஷன் வெளியூர்ல தூங்கினதே கிடையாது. உடம்பு கட்டில்ல கிடக்கும்... கண்ணு ரெண்டும் கதவுல தொங்கும்!

இவரைவிட ஜாக்கிரதையான ஆள் பூலோகத்துல உண்டா? இல்லைன்னு நினைச்சு, மாப்பிள்ளையோட அம்மா தாலியைக் கொண்டுவந்து இவர் கையில குடுத்தாங்க.

"தம்பி, முகூர்த்தம் வரைக்கும் இது உன் பொறுப்பு."

"அக்கா, எமன் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

மண்டபத்துக்கு மேல் மாடியில லாட்ஜ் ரூம். கல்யாண ரூம் எப்படி இருக்கும், உங்களுக்குத் தெரியாதா? ஒரு ரூமுக்குள்ள ஊரே இருக்கும். சாவி எங்க? சித்தப்பாகிட்ட. சித்தப்பா எங்க? பந்தியில. பந்தியில கேட்டா, "நான் அப்பவே மாப்பிள்ளைத் தோழன்கிட்ட குடுத்துட்டேனே!" இதையெல்லாம் ஆவுடையப்பன் தாங்குவாரா? அதனால வீட்டுல இருந்தே ஒரு பூட்டு கொண்டு வந்திருந்தார். பூட்டா அது? கோட்டைக் கதவுக்குச் செஞ்சு, கோட்டை தாங்காதுன்னு திருப்பி அனுப்பின பூட்டு! அது ஏறினதும் பஸ் ஒரு பக்கமாச் சாய்ஞ்சுது. கண்டக்டர் அதுக்குத் தனியா லக்கேஜ் போட்டார்.

விடிஞ்சுது. கீழே வரவேற்புக்குப் போகணும். தாலி பெட்டிக்குள்ள இருக்கு, கேட்டதும் வந்து எடுத்துக்கலாம். சரி... சாவியை எங்க வைக்கிறது? இடுப்புல வச்சா உருவிடுவான். சட்டைப் பையில வச்சா அடிச்சிடுவான். தூக்கமில்லாத கண்ணு, சுத்துற தலை. யோசிச்சு யோசிச்சு, உலகத்துலயே பத்திரமான ஓர் இடத்துல வச்சார். எங்க?

தாலி இருக்கிற அதே பெட்டிக்குள்ள!

பெட்டியை மூடினார். வெளியே வந்தார். ரூம் கதவுல மாட்டின பூட்டை அழுத்தினார். டக்! அழுத்தினாலே பூட்டிக்கிற பூட்டு, ஐயா அது.

கீழே ஐயர் குரல் குடுக்கிறார். "மாங்கல்யத்தைக் கொண்டு வாங்கோ, நேரம் ஓடறது!"

ஆவுடையப்பன் இடுப்பைத் தடவினார். சட்டையைத் தடவினார். அப்புறம்... நெஞ்சைத் தடவினார். மாடிக்கு ஓடினார். பின்னாலேயே கல்யாணம் மொத்தமும் ஓடுது. லாட்ஜ் மேனேஜர் சுத்தியல் எடுத்து அடிக்கிறார். சத்தத்துல மேற்குத் தொடர்ச்சி மலையே கொஞ்சம் நகர்ந்து நின்னுது. பூட்டு? ஒரு கீறல் இல்ல!

அவர் சம்சாரம் கோமதி பல்லைக் கடிச்சாங்க. "திருடன் வந்திருந்தாக்கூட ஒரு மோதிரத்தோட போயிருப்பான். நீங்க கல்யாணத்தையே உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களே!"

அக்கா கூட்டத்தை விலக்கிக்கிட்டு முன்னால வந்தாங்க. தம்பியைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க. அந்தப் பார்வைக்கு அவர் சுவரோட சுவராப் போயிட்டார்.

அப்போ எதிர் ரூம் கதவு திறந்துச்சு. கூரைப்புடவையும் மாலையுமா கல்யாணப் பொண்ணு செண்பகா. சத்தம் கேட்டு வந்தவ பூட்டைப் பார்த்தா. அப்புறம் பூட்டு எதுல தொங்குதுன்னு பார்த்தா. பக்கத்துல நின்ன யாரோ ஒருத்தர் கையில மொய் கவர். அதுல ஒட்டியிருந்த ஒத்தை ரூபாயைப் பிச்சு எடுத்தா.

"மாமா, கொஞ்சம் தள்ளிக்கோங்க."

துருப்பிடிச்ச நாதாங்கி, ஆடிக்கிட்டிருந்த ஸ்க்ரூ. காசை வச்சுத் திருகினா. கழண்டுச்சு. நாதாங்கியோட சேர்ந்து அந்த மகா பூட்டு, பூட்டினது பூட்டினபடியே, தரையில விழுந்துச்சு!

தன் தாலியைத் தானே மீட்ட பொண்ணு, பெருமக்களே! "எடுத்துட்டு வாங்க மாமா, கீழே இருக்கேன்"னு சொல்லிட்டுத் தலை குனிஞ்சு நடந்தா. அப்பத்தான் வெட்கமே வந்துச்சு அவளுக்கு.

கெட்டிமேளம் கொட்டி முடிஞ்சுது. சாப்பாட்டு நேரத்துல ஆவுடையப்பனைக் காணோம். கோமதியம்மா மாடிக்குப் போய்ப் பார்த்தா... கதவு பப்பரப்பேன்னு திறந்து கிடக்கு. பூட்டு இல்ல, நாதாங்கி இல்ல. உள்ள மனுஷன் குறட்டை விட்டுத் தூங்குறார். மோதிரம் போன நாள்ல இருந்து தூங்காத தூக்கம்! ஏன் தூங்கினார்? காக்க வேண்டியது போய்ச் சேர வேண்டிய கழுத்துக்குப் போயிடுச்சு.

பெருமக்களே... திருடன் வந்தானா? வரல. இருந்தும் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது யாரு? காவல்காரர்! திருட்டு இல்லைன்னு நான் சொல்லல. லாட்ஜ் கதவு உங்க பூட்டைவிட லேசு, ஒத்தை ரூபாய்க்குத் திறக்கும். அதனால நகையை வீட்டுப் பக்கத்து பேங்க்ல வச்சிட்டுப் போங்க. கையில வேணுங்கிற பணத்தை உடம்போட வச்சுக்கோங்க. எதை எங்க வச்சிருக்கீங்கன்னு கூட வர்ற ஒருத்தருக்காவது சொல்லி வைங்க.

யாரையும் நம்பாம, பூட்டை மட்டும் நம்பிக் காசிக்குப் போனா என்ன ஆகும்? கங்கையில முங்குறப்பவும் கண்ணு கரையில இருக்கிற பையில இருக்கும். அவ்வளவு தூரம் போய்... பையைப் பார்த்துட்டு வருவீங்க.

போதும். யாராவது வந்து இந்த மாலையைக் கழட்டுங்கப்பா. இதையும் திருட ஆள் வர மாட்டேங்கிறான்.