மதகுச் சாவி

கடலோரத்தில் வேலை பார்ப்பவனுக்குச் செருப்பு உழைக்காது. உப்பு அரித்துவிடும். தலைமைப் பொறியாளர் ஆன பிறகும் அடிக்கடி செருப்பு மாற்றிக்கொண்டுதான் இருந்தேன். சம்பளத்தைக் காலில் போட்டு மிதிக்கிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதை அல்ல, தெரியும். வரிசையாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஒரு தீவு. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே ஒரு பழைய பாலம். அதில் சிக்கி ஆம்புலன்ஸிலேயே உயிரை விட்டவர்கள் உண்டு. அதனால்தான் கடலை ஒட்டி மண் கொட்டி, அக்கரை வரை விரைவுச் சாலை போட்டோம். யார் என்ன சொன்னாலும் அது நல்ல காரியம்.

சாலை உயர்ந்ததும் மீனவர் குடியிருப்பு பள்ளமாகிவிட்டது. ஒரு பக்கம் நகரத்து மேடு, மறுபக்கம் எங்கள் சாலை. நகரத்து மழைநீரெல்லாம் அங்கே இறங்கி, சாலைக்கு அடியில் இருக்கும் மதகு வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏறும்போது மதகை மூடுவோம், இறங்கியதும் திறப்போம். அவ்வளவுதான் வேலை.

மதகின் வாயில் பாறை அடுக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாய்கிற தண்ணீர் சாலையின் அடிமண்ணை வாரிக்கொண்டு போய்விடும். அந்தப் பாறைகளை எடுத்துத் திறப்பு விழா மேடைப் பக்கம் அடுக்கச் சொன்னவன் நான்தான். விருந்தினர் பார்க்கிற பக்கம் பாறை குறைந்து பல் விழுந்த வாய் மாதிரி இருந்தால் நன்றாகவா இருக்கும்? விழா முடிந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். சில்லறைத் தப்பு.

விழாவுக்கு முதல் நாள் காலையில், பெருமழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னது. என் அக்கா அந்தக் குடியிருப்பில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அத்தான் கப்பல் வேலையில் வெளியூரில் இருந்தார். அக்கா மேல் எனக்கு உயிர். உடனே போன் செய்தேன்.

“எங்க சின்னவளுக்குக் காய்ச்சல்க்கா. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்பி வா.”

“எதிர்வீட்டம்மா தனியா இருக்காங்கடா. அவங்களையும் கூட்டிட்டு வரட்டுமா?”

“வேணாம்க்கா. வீட்ல இடம் பத்தாது.”

என் வீடு பெரிய வீடு. அக்கா வந்ததும் என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “காய்ச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அக்காவப் பாக்கணும்னா நேரா சொல்ல வேண்டியதுதானே!” என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கடல் இறங்கியதும் மதகுக்காரர் கூப்பிட்டார்.

“சார், கடல் எறங்கிடுச்சு. கதவத் தூக்கணும், சாவி அனுப்புங்க.”

“கொஞ்சம் பொறுங்க. நானே சொல்றேன்.”

அவர் மறுபடியும் கூப்பிட்டார். “சார், ஜனங்க கத்துறது இங்க வரைக்கும் கேக்குது.”

“காத்தா இருக்கும்.”

அவர் மேல் தப்பில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அந்தக் குடியிருப்பு வீடுகளின் கதவுகள் எல்லாம் வெளிப்பக்கம் தள்ளித் திறப்பவை. வெளியே தண்ணீர் நின்றுவிட்டால் உள்ளிருந்து தள்ள முடியாது. அக்கா வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன், எனக்குத் தெரியாததா? செய்தித்தாளில் போட்ட எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை. எதிர்வீட்டம்மாவும் அதில் சேர்த்தி.

சாலைக்கு ஒன்றும் ஆகவில்லை. துக்கத்துக்காக விழாவைத் தள்ளிவைத்தார்கள். அந்த இடைவெளியில் பாறைகளைத் திருப்பி வைத்துவிட்டேன்.

அக்கா அழுதுகொண்டே இருந்தாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“மழைக்கு முன்னாடியே என்னை எதுக்குடா கூப்பிட்டே?”

அவள் நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உயிரோடு இருப்பதால்தானே வந்தாள். அந்த மட்டில் எனக்குச் சந்தோஷம்தான்.

மற்றவர்களையும் எச்சரித்திருக்கலாமே என்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. ஆனால் எச்சரித்திருந்தால் அவர்கள் ஓடியிருக்க மாட்டார்கள். மதகைத் திறக்கச் சொல்லி என்னிடம் வந்து நின்றிருப்பார்கள்.